கொந்தளிப்பான நாட்களில் தோழர்களைத் தாங்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்சி ஆட்டம் காணும்போதும், சட்டங்கள் இரவோடு இரவாக மாறும்போதும், தெருவில் இறங்குவது வழக்கமாகிவிடும்போதும் களத்தில் நிற்பவர்கள் கேட்கிற கேள்விகள் இவை. வீரம் பற்றி இங்கே அதிகம் இருக்காது. யார், எப்போது, எதைச் செய்வது என்பதுதான் இருக்கும்.

நாடே பற்றி எரிகிறது. இந்த நேரத்தில் தூக்கம், ஓய்வு, மனநிலை என்று பேசுவது சொகுசாகத் தெரியவில்லையா?

தெரியலாம். ஆனால் நீண்டு நின்ற போராட்டங்களின் அடுக்களைப் பக்கம் போய்ப் பாருங்கள். 1955 டிசம்பர் 5 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள், நிறத்தைப் பார்த்து இருக்கை ஒதுக்குவதை எதிர்த்துப் பேருந்துகளைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். அது 381 நாள் நீடித்தது. மேடைப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கச் சுமார் 300 கார்கள் ஓடின. ஏறும் இடங்களுக்குப் பட்டியல் இருந்தது, நேரத்துக்கு அட்டவணை இருந்தது. கால் கடுக்க நடந்தவர்களும் ஏராளம்தான். ஆனாலும் அந்த அட்டவணை இல்லாமல் ஓராண்டைத் தாண்டியிருக்க முடியாது. 1930 தண்டி யாத்திரையிலும் திங்கட்கிழமைகளில் நடை இல்லை. காந்திக்கு அது மௌன நாள், கூட நடந்தவர்களுக்குக் கால் ஆறும் நாள்.

ஓய்வை யாராவது திட்டமிட்டுக் கொடுத்தால்தான் கிடைக்கும். 'முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால், எடுக்கவே முடியாத அளவுக்கு வேலை வைத்திருப்பவர் கடைசிவரை எடுக்க மாட்டார்.

வெறும் களைப்பா, உள்ளுக்குள் எரிந்துபோய்விட்டாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

களைப்பு இரண்டு இரவு நன்றாகத் தூங்கினால் போய்விடும். மற்றது போகாது. இதற்கு 'பர்ன் அவுட்' என்ற பெயரை உளவியல் எழுத்தில் நிலைநிறுத்தியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1974-ல் அவர் எழுதியது நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் இரவெல்லாம் உழைத்த தன்னார்வலர்களைப் பார்த்துத்தான். அதாவது, இந்தச் சொல்லே நம்மைப் போன்றவர்களிடமிருந்து பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலை தொடர்பான நிலை என்று சொல்லி மூன்று அடையாளங்களைத் தருகிறது: சக்தி வற்றிப்போவது, செய்யும் வேலையின் மேல் வெறுப்போ விலகலோ வருவது, தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற உணர்வு.

இயக்கக்காரர்களிடம் ஒரு விசித்திரம் உண்டு. எரிந்துபோகிறவர் வேலையைக் குறைப்பதில்லை, கூட்டிக்கொள்வார். அதனால் அவர் எவ்வளவு வேலை செய்கிறார் என்பதைப் பார்த்து எதுவும் புரியாது. சின்னச் சின்ன விஷயங்களைப் பாருங்கள். ஒரு குழுவுக்குப் போக வேண்டிய செய்தி வேறு குழுவுக்குப் போகிறது. நேற்று முடிவானதை இன்று மறுபடி கேட்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுங்கள் என்றால் 'சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே முடித்துவிடுவேன்' என்கிறார். எல்லாவற்றிலும் நக்கல். யாருக்காகப் போராடுகிறோமோ அந்த மக்களைப் பற்றியே எரிச்சலாகப் பேச ஆரம்பிக்கிறார். இந்தக் கடைசி அறிகுறி தென்பட்டால் அந்த வாரமே அவர் பொறுப்புகளில் பாதியை இறக்கிவையுங்கள்.

கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. செய்தி பார்க்காவிட்டால் குற்ற உணர்ச்சி, பார்த்தால் நடுக்கம்.

செய்தி பார்ப்பதையும் மற்ற வேலைகளைப் போல முறை வைத்துச் செய்யுங்கள். ஒருவர் 4 மணி நேரம் செய்திக்காவல். அந்த நேரத்தில் மற்றவர்கள் பார்க்க வேண்டியதில்லை. முறை முடிந்ததும் அவர் குழுவுக்கு ஐந்து வரிக்குள் எழுதிப் போடுவார்: இப்போதே செய்ய வேண்டியது, தெரிந்துகொள்ள வேண்டியது, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறது. மூன்றாவது வகையில்தான் முக்கால்வாசி விழும் என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துவிடும். மற்றவர்கள் தங்கள் பங்குக்குக் காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் பார்த்தால் போதும். படுக்கப் போகுமுன் வேண்டாம்.

வன்முறைக் காணொளிகள் தனி விவகாரம். முதலில் வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாகத் தரவிறங்குவதை நிறுத்துங்கள். அமைப்புகளில் சேமிப்பிடம், தரவு (Storage and data) பற்றிய பகுதியில் அது இருக்கும். மற்ற செயலிகளில் காணொளி தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். ஆதாரத்துக்காகப் பார்த்தே ஆக வேண்டியவர் ஒலியை நிறுத்திவிட்டு, சிறிய சாளரத்தில், பகல் வெளிச்சத்தில் பார்க்கட்டும். அலறல் சத்தம்தான் ராத்திரி திரும்பி வரும். காட்சியைவிட அது ஒட்டிக்கொள்ளும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அடுத்த நாள் அந்த வேலை வேறொருவருக்குப் போக வேண்டும். காணொளியைக் குழுவில் பகிர்வதானால் மேலே ஒரு வரி எழுதுங்கள்: 'தலையில் அடி, ரத்தம் உண்டு, 40 விநாடி.' பார்ப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்வார்கள்.

'ராணுவம் இறங்கிவிட்டது', 'இன்னார் செத்துவிட்டார்' என்று நிமிடத்துக்கொரு தகவல் வருகிறது. என்ன செய்வது?

நான்கு கேள்வி கேளுங்கள். நேரில் பார்த்தது யார்? எந்த இடம்? எத்தனை மணிக்கு? உங்களுக்கு யார் மூலம் வந்தது? நான்கில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் பகிராதீர்கள். 'பல குழுக்களில் வருகிறது' என்பது பதில் ஆகாது, ஒரே பொய் பத்துக் குழாயில் வரும். தவறாகப் பகிர்ந்துவிட்டால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாமல், எங்கெல்லாம் போட்டீர்களோ அங்கெல்லாம் திருத்தத்தையும் போடுங்கள்.

இணை முறை என்று சொல்கிறார்களே, அதை எப்படி நடத்துவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை. ஒற்றைப்படையாக வந்தால் ஒரு மூவர். துணையாக உற்ற நண்பரையோ வாழ்க்கைத் துணையையோ போடாதீர்கள். அவர்கள் எப்படியும் விசாரிப்பார்கள், இருவரும் ஒரே நேரத்தில் உடைந்துபோகவும் வாய்ப்பு அதிகம். ஒரே ஆபத்தில் நிற்கும் இருவரையும் இணைக்காதீர்கள். முன்வரிசையில் நிற்பவருக்கு அலுவலக வேலை பார்ப்பவர் துணை என்பது நன்றாக ஓடும், ஏனென்றால் இருவரும் ஒரே வண்டியில் கைதாகிப் போக மாட்டார்கள்.

தினமும் ஒரே நேரத்தில், 10 நிமிடம், குரலில் பேச வேண்டும். குறுஞ்செய்தியில் எல்லோரும் நலமாகத்தான் இருப்பார்கள். 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன் தோழர்' என்று வரும், பேச்சு அதோடு முடிந்துவிடும். பதிலாக எண்ணிக்கையோ நேரமோ வருகிற மாதிரிக் கேளுங்கள்.

'ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீங்க?'
'ரெண்டு இருக்கும்.'
'எழுந்தது?'
'அஞ்சரை.'
'அதுக்கு முந்தின நாள்?'
'...அதே மாதிரிதான்.'
'சரி தோழர், நாளைக்குக் காலைக் கூட்டத்துக்கு நான் போறேன். நீங்க எட்டு மணிக்கு முன்னாடி போனைத் தொடக் கூடாது.'

கடைசி வரியைக் கவனியுங்கள். 'கொஞ்சம் ஓய்வெடுங்க' என்ற அறிவுரை அதில் இல்லை. ஒரு வேலை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறியிருக்கிறது.

குறித்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். 30 நிமிடம் பொறுப்பது. பிறகு இரண்டு முறை அழைப்பது. ஒரு மணி நேரம் ஆனதும் முன்பே குறித்துவைத்த மூன்றாமவரிடம் சொல்வது. நேராகப் பொதுக் குழுவில் 'இவரைக் காணவில்லை' என்று போடுவது பெரும் தவறு. ஒருவர் பேட்டரி தீர்ந்து தூங்கிக்கொண்டிருப்பார், நூறு பேர் பதறிக்கொண்டிருப்பார்கள்.

இது கெட்டுப்போகும் வழிகள் மூன்று. ஒன்று, பேச்சு நாளைய வேலைப் பட்டியலாக மாறிவிடும். வேலையைப் பற்றிக் கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, ஒருவரே எப்போதும் கேட்பவராக ஆகிவிடுவார். யார் முதலில் பேசுவது என்பதை நாள் மாற்றி நாள் மாற்றுங்கள். மூன்று, இரண்டு வாரத்தில் நின்றுபோகும். அதற்குத்தான் ஒருவர், ஒரே ஒருவர், வாரம் ஒரு முறை எல்லா இணைகளிடமும் 'இந்த வாரம் எத்தனை நாள் பேசினீர்கள்?' என்று கேட்க வேண்டும். என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாது.

தடியடியில் சிக்கி வந்த தோழரிடம் என்ன பேசுவது?

முதலில் உடம்பைப் பாருங்கள். தலையில் அடிபட்டு வாந்தி வந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, மயங்கி விழுந்திருந்தாலோ மருத்துவமனைக்குத்தான். 'காலையில் பார்க்கலாம்' என்பது கூடாது. கண்ணீர்ப்புகை பட்டிருந்தால் காற்றோட்டமான இடத்தில் வைத்துச் சுத்தமான தண்ணீரால் 10 முதல் 15 நிமிடம் கண்ணைக் கழுவ வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணைத் தேய்க்க விடாதீர்கள். உடுத்திய துணியை மாற்றி ஒரு பையில் கட்டி வெளியே வையுங்கள். இல்லையென்றால் அந்தத் துணியே அறை முழுக்கப் பரப்பும்.

அப்புறம் மனம். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. ஆபத்தில்லாத, சத்தமில்லாத இடமா என்று பார்ப்பது. அவர் பேசினால் கேட்பது, பேசாவிட்டால் பக்கத்தில் இருப்பது. வீட்டார், மருத்துவர், வழக்கறிஞர் என்று அவருக்குத் தேவைப்படும் ஆளோடு இணைப்பது. தண்ணீர், போர்வை, சார்ஜர், வீட்டுக்கு ஓர் அழைப்பு. முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு போதும்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, நல்லெண்ணத்தோடே பல குழுக்கள் செய்கின்றன. அன்றிரவே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து 'என்ன நடந்தது, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்' என்பது. சம்பவம் நடந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னாளைய மனக்காயத்தைத் தடுப்பதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். சிலருக்கு அது கூடுதல் கேடு. தன் கதையோடு சேர்த்து மற்ற ஏழு பேரின் கதையையும் அவர் சுமந்துகொண்டு போவார். வழக்குக்கு வாக்குமூலம் தேவையென்றால் வழக்கறிஞர் முன்னிலையில் ஒரு முறை பதியட்டும். ஆளுக்கு ஆள் கேட்டுத் துருவ வேண்டாம்.

'நடந்தது நடந்துபோச்சு', 'உயிர் தப்பிச்சதே பெரிசு', 'இதைவிட மோசமா எல்லாம் நடந்திருக்கு' என்பவை வேண்டாம். 'இப்போ இங்கே பாதுகாப்பா இருக்கீங்க. நான் ராத்திரி பூரா இங்கேதான் இருப்பேன்' என்றால் போதும், ஆனால் சொன்னால் இருக்க வேண்டும்.

தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்குத் துள்ளுவது, காட்சி திரும்பத் திரும்ப வருவது எல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும், பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் அன்றாட வேலையைக் கெடுத்தால் மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, தனியாகவும் விடக் கூடாது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை.

கூட்டத்தில் ஒருவருக்குப் படபடப்பு வந்து மூச்சு முட்டினால்?

ஓரமாக அழைத்துவந்து உட்கார வையுங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை வாயால் மெதுவாக விடுவது, ஐந்து நிமிடம். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். 'நல்லா இழுத்து விடுங்க' என்று சொன்னால் இழுப்பதையே பெரிதாகச் செய்து தலைசுற்றலைக் கூட்டிக்கொள்வார்கள். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், அடிபட்டவர்களுக்கு இமைக்குப் பின்னால்தான் அந்தக் காட்சி இருக்கும். கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மார்வலி கை, தாடைப் பக்கம் பரவினாலோ ஆஸ்துமா உள்ளவரானாலோ இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவ உதவி.

தூக்கத்தை எவ்வளவு வரை குறைக்கலாம்?

வயதுவந்தவர்களுக்கு 7 மணி நேரம் வேண்டும். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. குடித்துவிட்டு வந்தவரை அறிக்கை எழுத விடுவீர்களா? இரவு 11 மணிக்கு மேல் உயிர் ஆபத்து தவிர எதற்கும் முடிவெடுப்பதில்லை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க விழித்தவர் காலையில் வண்டி ஓட்டக் கூடாது.

கைது நடக்கலாம் என்று தெரிகிறது. என்ன தயார் செய்வது?

ஆளுக்கு ஒரு உறை. உள்ளே ஒரே ஒரு தாள்: தினமும் சாப்பிடும் மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, வழக்கறிஞர் எண், பிள்ளைகளை யார் அழைத்துவருவது, வேலையிடத்தில் யாரிடம் என்ன சொல்வது, வாடகை, தவணைத் தேதிகள், வீட்டுச் சாவி யாரிடம், வளர்ப்பு நாய் இருந்தால் அதற்கும் ஒரு வரி. இயக்க விவரம், மற்றவர் பெயர்கள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஒட்டி, வெவ்வேறு இடத்தில் இருக்கும் இருவரிடம் கொடுத்துவையுங்கள். முக்கியமான இரண்டு எண்களை மனப்பாடம் செய்யுங்கள். பறிமுதலான கைபேசிக்குள் இருக்கும் எண் யாருக்கும் உதவாது.

கைதான பிறகு மூன்று பொறுப்பு, மூன்று ஆள். வழக்கறிஞரோடு பேசுபவர் ஒருவர். குடும்பத்தோடு பேசுபவர் ஒருவர். வீட்டு வேலைகளைப் பார்ப்பவர் ஒருவர். ஒருவரே மூன்றையும் எடுத்தால் முதலில் கைவிடப்படுவது குடும்பம்தான். குடும்பத்துக்குச் செய்தி இல்லாத நாளிலும் ஒரு அழைப்பு போக வேண்டும்: 'இன்னைக்குப் புதுசா ஒண்ணும் இல்லைம்மா, நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசறேன்.'

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். பத்தாம் நாள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அதனால் முறைப் பட்டியலை மூன்றாம் வாரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள், முதல் வாரம் தானாக நடக்கும்.

விடுதலையாகி வரும்போது மாற்றுடை, தண்ணீர், அவருடைய மருந்து, பேச ஒரு கைபேசி, இவற்றோடு இரண்டு பேர் போதும். மாலையும் ஒலிபெருக்கியும் 24 மணி நேரம் பொறுக்கட்டும். வந்தவரை அன்றே மேடையேற்றிப் பேசவைத்து, மறுநாளிலிருந்து மறந்துபோவதைப் போல ஒருவரை உடைக்கிற காரியம் வேறில்லை.

எதிரியைவிட நமக்குள் சண்டைதான் அதிகமாக இருக்கிறது.

மேலே எட்டாத கோபம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் விழும். முதலில் எந்த வகைச் சண்டை என்று பிரியுங்கள். உத்தி பற்றியதென்றால் கூட்டத்தில் பேசி, எழுதி, ஒரு மாதம் ஒன்றைச் செய்துபார்க்கலாம். நடத்தை பற்றியதென்றால் ஒரு நாள் ஆறப்போட்டு, இருவரும் நம்பும் மூன்றாமவரோடு நேரில் உட்காரலாம், குழுவில் தட்டச்சிட்டு அல்ல. துன்புறுத்தல், பாலியல் சீண்டல், அடி என்றால் அது சண்டையே இல்லை. 'இயக்கத்தின் பெயர் கெடும்' என்று அதை மூடிவைக்காதீர்கள். புகார் சொன்னவரின் பாதுகாப்பு முதலில், குற்றம் சாட்டப்பட்டவர் அன்றே பொறுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும், விசாரிப்பவர்கள் இருவருக்கும் நெருக்கமில்லாதவர்களாக இருக்க வேண்டும்.

'இவன் உளவாளி' என்ற பேச்சுக்குத் தனி எச்சரிக்கை. அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை நடத்திய கோயின்டெல்ப்ரோ என்ற ரகசியத் திட்டத்தில் மொட்டைக் கடிதங்கள், போலி ஆவணங்கள் மூலம் விசுவாசமான உறுப்பினர்களையே காட்டிக்கொடுப்பவர்களாகக் காட்டினார்கள். சந்தேகமே அங்கே ஆயுதம். ஆகவே முத்திரை குத்தாமல் செயலைப் பாருங்கள். ஒருவர் பெயர்ப் பட்டியலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார், இளையவர்களை வன்முறைக்குத் தூண்டுகிறார் என்றால் அவர் யாராக இருந்தாலும் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றலாம். அதற்கு உளவாளி என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆறுதல் சொல்வது, துடைப்பது, குறிப்பெடுப்பது எல்லாம் பெண் தோழர்கள் தலையிலேயே விழுகிறது.

ஒரு வாரம் நடந்த எல்லா வேலையையும், செய்தவர் பெயரோடு சுவரில் எழுதுங்கள். வாதமே தேவைப்படாது. அடுத்த வாரம் அதே பட்டியலைச் சுழற்றுங்கள். 'எனக்கு அது சரியா வராது' என்பவர் முதலில்.

அவசர நிதி வைத்துக்கொள்ளலாமா?

வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒப்புதல், கேட்ட 24 மணி நேரத்துக்குள் கையில், ஒரு உச்சவரம்பு, காரணம் கேட்டுக் கட்டுரை எழுதவைக்கக் கூடாது. பெறுபவர் பெயருக்குப் பதில் எண் போட்டு எழுதலாம். மாதாமாதம் வரவு செலவு எல்லோர் முன்னும் படிக்கப்பட வேண்டும். கணக்கு வாசிக்காத நிதி நேர்மையானவர்களையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

கொஞ்ச நாள் விலகி இருக்க நினைக்கிறேன். ஓடிப்போவது போல இருக்கிறது.

தேதி போட்டுப் போனால் அது ஓய்வு. பொறுப்புகளை யாரிடம் கொடுத்தீர்கள், கடவுச்சொற்கள் யாரிடம், பாதியில் நிற்பது எது, எந்த ஒரே காரணத்துக்கு உங்களை அழைக்கலாம் என்று நான்கு வரி எழுதிக் கொடுங்கள். குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள், ஒலியை அணைத்துவைத்தால் எட்டிப் பார்ப்பீர்கள். முதல் நான்கைந்து நாள் ஓய்வே வராது, கை தானாகக் கைபேசியைத் தேடும். அதனால் இரண்டு வாரத்துக்குக் குறைவாக எடுத்துப் பயனில்லை. திரும்பும்போது முதல் வாரம் பழைய பொறுப்பில் பாதி மட்டும்.

மற்றவர்களுக்கு: போனவரைப் பற்றி அவர் இல்லாத கூட்டத்தில் பெருமூச்சு விடாதீர்கள். அடுத்து ஓய்வு தேவைப்படுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

எதுவும் மாறவில்லை. நம்பிக்கையே போய்விட்டது.

நம்பிக்கையை ஊட்ட எங்களால் ஆகாது. நம்பிக்கை குறைந்த நாளிலும் நடக்கும்படி ஒரு காரியத்தை அமைத்துக்கொள்ளலாம். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிடித்துச்சென்று காணாமலாக்கிய பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் புவனோஸ் ஐரிஸின் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். அன்று சனிக்கிழமை, சதுக்கத்தில் ஆளே இல்லை. பிறகு வியாழக்கிழமைக்கு மாற்றினார்கள், பிற்பகல் 3.30. அதே ஆண்டு டிசம்பரில் அவர்களைத் தொடங்கிவைத்தவர்களில் மூவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வியாழன் நடை நிற்கவில்லை. ராணுவத் தலைவர்கள் மீதான நீதிமன்ற விசாரணை 1985-ல்தான் வந்தது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். போகலாமா என்று வாராவாரம் புதிதாக முடிவெடுக்க வேண்டிய பாரம் அதில் இல்லை.

நாங்கள் மூன்றே பேர். எங்கிருந்து தொடங்குவது?

இன்று மாலை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மூன்று உறைகளை எழுதி மாற்றிக்கொள்ளுங்கள். தினசரி அழைப்புக்கு ஒரு நேரம் குறியுங்கள். அடுத்த 14 நாளில் ஆளுக்கு இரண்டு முழு நாள் விடுப்பை நாட்காட்டியில் பேனாவால் வட்டமிடுங்கள், பென்சில் வேண்டாம்.